காப்பும் பாதுகாப்பும்!

நீங்கள் டை கட்டிக்கொண்டு ஆபீஸ் போகிற ஆசாமியா? அப்படியென்றால் அடுத்த பாராவைச் சாப்பிட்டு முடித்த பிறகு படியுங்கள்.

2004-ல் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் ஓர் ஆஸ்பத்திரியில் 42 பேர் கட்டியிருந்த டைகளைப் பரிசோதித்தார்கள். எல்லாம் மருத்துவத் துறை ஆசாமிகளின் டைகள். ஏறக்குறைய பாதி டைகளில், அதாவது 20-ல், நோய் உண்டாக்கக்கூடிய கிருமிகள் ஜாகை போட்டிருந்தன. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமே என்று அங்கே காவலுக்கு நிற்கும் செக்யூரிட்டி ஆட்களின் 10 டைகளையும் சோதித்தார்கள். ஒன்றே ஒன்றில்தான் கிருமி. சுத்தத்தில் செக்யூரிட்டி ஜெயித்துவிட்டார்; டாக்டர் அம்பேல்!

காரணம் ரொம்ப சிம்பிள். சட்டையைத் துவைக்கிறோம். டையை எவன் துவைக்கிறான்? முடிச்சை அவிழ்த்தால் மறுபடி போடத் தெரியாது என்று அப்படியே ஆணியில் மாட்டுகிறவர்கள்தான் அதிகம். டாக்டர் குனியும்போதெல்லாம் அந்த டை படுக்கை படுக்கையாக நலம் விசாரித்துக்கொண்டே போகும்.

2007 செப்டம்பரில் இங்கிலாந்தின் சுகாதார அமைச்சராக இருந்த ஆலன் ஜான்சன் ஒரு ரூல் அறிவித்தார். ஆஸ்பத்திரிகளில் எம்.ஆர்.எஸ்.ஏ., சி. டிஃபிசில் என்று மருந்துக்கு லேசில் மசியாத கிருமிகள் ஆட்டம் போட்டுக்கொண்டிருந்த சமயம். நோயாளியைத் தொட்டு வேலை பார்க்கிற யாராக இருந்தாலும் முழங்கைக்குக் கீழே ஒன்றும் இருக்கக் கூடாது. முழுக்கைச் சட்டை, வாட்ச், நகைநட்டு கிடையாது. டை வேண்டாம். சினிமாவில் டாக்டர் என்றாலே போட்டுவிடுவார்களே, அந்த நீளமான வெள்ளைக் கோட்டும் வார்டிலிருந்து விடைபெற்றது. 2008 ஜனவரி முதல் இது நடைமுறைக்கு வந்தது.

டைக்காக யாரும் கண்ணீர் விடவில்லை. கழற்றச் சொன்னால் சந்தோஷமாகக் கழற்றப்படும் ஒரே உடுப்பு அதுதான். வாட்ச் போனால் சுவரில் கடிகாரம் இருக்கிறது. ஆனால் ஓர் இரும்பு வளையத்திடம் வந்ததும் ரூல் முட்டிக்கொண்டு நின்றது.

ஐந்து 'க'

1699-ஆம் வருடம் வைசாகி நாளில், ஆனந்தபூரில் குரு கோவிந்த் சிங் 'கால்ஸா'வைத் தோற்றுவித்தார். அதில் தீட்சை பெற்ற சீக்கியருக்கு ஐந்து அடையாளங்கள். ஐந்தும் 'க'வில் ஆரம்பிக்கும். கேஷ் என்றால் வெட்டாத முடி. கங்கா என்றால் அதை வாருகிற மரச் சீப்பு. கடா என்பது கையில் போடும் இரும்பு வளையம். கச்சேரா நம்ம கச்சேரி இல்லை, அரைக்கால் உள்ளாடை. ஐந்தாவது கிர்பான், உறையில் இருக்கும் சிறிய வாள்.

எல்லா சீக்கியரும் ஐந்தையும் அணிவதில்லை. தீட்சை பெற்றவர்கள் அணிவார்கள். மற்றவர்களில் சிலர் தலைப்பாகையும் தாடியும் வைத்திருப்பார்கள். சிலர் கையில் கடா மட்டும். எந்த வகையானாலும் போட்டிருப்பவருக்கு அது ஆபரணம் இல்லை. சாயங்காலம் கழற்றி டிராயரில் போடுகிற ஐ.டி. கார்டும் இல்லை. முடி விஷயம் இன்னும் கறார். சீக்கிய நடத்தை நெறிகளில் நான்கு பெருங்குற்றங்கள் உண்டு. அவற்றில் ஒன்று முடியை வெட்டுவது. புகையிலையும் அதே பட்டியலில் இருக்கிறது. (டீக்கடை ஓரம் நிற்கும் நண்பர்கள் கவனிக்கவும்.)

கடாவுக்குத் தமிழில் அழகான ஒரு வார்த்தை இருக்கிறது: காப்பு. கையில் போடும் வளையத்துக்கும், ஆபத்திலிருந்து காப்பதற்கும் நம்மிடம் ஒரே சொல். ஆஸ்பத்திரியில்தான் இந்த இரண்டு அர்த்தங்களும் சண்டை போட்டுக்கொண்டன.

ஆஸ்பத்திரி நிர்வாகத்தின் கண்ணால் இந்த ஐந்தையும் பார்ப்போம். சீப்பு தலைமுடிக்குள்ளே, கச்சேரா பேண்டுக்குள்ளே. இரண்டாலும் யாருக்கும் தொல்லை இல்லை. மிச்சம் மூன்று. கை கழுவக் குறுக்கே வருகிற காப்பு, மாஸ்க்குக்குக் குறுக்கே வருகிற தாடி, கேள்விப்பட்டதும் ஆட்களை மிரள வைக்கிற கிர்பான்.

கை கழுவச் சொன்னவர் கதி

ரூல் போட்டவர்களை வில்லனாக்குவதற்கு முன்னால் ஒரு பழைய கதை.

1847, வியன்னா பொது மருத்துவமனை. அங்கே இரண்டு பிரசவ வார்டுகள். மருத்துவ மாணவர்கள் பார்க்கிற வார்டில் தாய்மார்கள் கொத்துக் கொத்தாக ஜன்னி கண்டு செத்தார்கள். மருத்துவச்சிகள் பார்க்கிற வார்டில் சாவு குறைவு. செம்மல்வெய்ஸ் என்ற டாக்டர் மண்டையை உடைத்துக்கொண்டு காரணத்தைக் கண்டுபிடித்தார். மாணவர்கள் பிண அறுவை முடித்த கையோடு பிரசவம் பார்க்க வந்துகொண்டிருந்தார்கள். குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவிவிட்டுத்தான் வர வேண்டும் என்றார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 என்றிருந்த சாவு, ஜூனில் 2 சொச்சத்துக்கு இறங்கியது.

பூமாலை போட்டார்களா? இல்லை. டாக்டர்களின் கையே எமன் என்பதைப் பெரிய மனிதர்கள் பலர் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் 1865-ல், 47 வயதில், மனநல விடுதியில் செத்துப்போனார்.

எனவே கையைக் காட்டு என்று ஆஸ்பத்திரி அதட்டினால் அதில் நியாயம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் சோப்பு போட்டுக் கழுவ 40 முதல் 60 விநாடி ஆக வேண்டும் என்கிறது. மணிக்கட்டில் எது இருந்தாலும் தண்ணீரும் சோப்பும் அதற்கு அடியில் ஒழுங்காகப் போகாது, ஈரம் தங்கும். மோதிரத்துக்கு அடியில் உள்ள தோலில் கிருமிகள் அதிகம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கிருமி ஜாதி மதம் பார்க்காது. பக்தியோடு போட்ட வளையம், பந்தாவுக்குப் போட்ட வளையம் என்று அதற்கு வித்தியாசம் தெரியாது.

ரூல் பக்கம் நியாயம் இருக்கிறது என்று சொல்லியாயிற்று. இப்போது மறுபக்கம்.

மோதிரத்துக்கு மட்டும் சலுகையா?

என் நண்பன் ஒருவனின் மனைவி திருச்சிக்காரர். இங்கிலாந்தில் நர்ஸ். போனில் பேசும்போது இதைப்பற்றிக் கேட்டேன்.

"டூட்டிக்குள்ள நுழையறப்பவே கை ரெண்டும் மொட்டையா இருக்கணும்ணா. வளையல், வாட்ச், சாமி கயிறு, ஒண்ணும் கூடாது. கல்யாண மோதிரம் மட்டும் பரவால்ல. அதுவும் கல் வெச்சது கூடாது, வெறும் வளையமா இருக்கணும்."

"மோதிரத்துக்கு அடியில கிருமி ஒட்டாதாம்மா?"

"ஒட்டும். நகர்த்தி நகர்த்திக் கழுவணும்."

"அப்ப காப்பையும் நகர்த்திக் கழுவலாமே?"

அந்தப் பக்கம் சிரிப்பு. "எங்க வார்டு சிங் டாக்டர் கேட்ட அதே கேள்வியைக் கேக்கறீங்கண்ணா!"

இதுதான் விவகாரத்தின் முடிச்சு. கிருமிக் கணக்கில் பார்த்தால் விரல், நோயாளியின் உடம்புக்கு மணிக்கட்டைவிட நெருக்கம். ஆனாலும் விரலில் இருக்கும் மோதிரத்துக்கு விதிவிலக்கு. மணிக்கட்டில் இருக்கும் காப்புக்குத் தடை. ஏன்? மோதிரம் அந்த ஊரில் பழகிப்போன சமாச்சாரம். ரூல் எழுதியவர் விரலிலேயே ஒன்று இருந்திருக்கலாம். தெரிந்தவன் வந்தால் 'நம்மாளுதான், விடப்பா' என்பதும், தெரியாதவன் வந்தால் 'ரூல் நம்பர் நாலு, உட்பிரிவு பி' என்பதும் நம்ம தாலுகா ஆபீஸுக்கு மட்டும் உரிய குணம் இல்லை.

2009-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட கை சுத்த வழிகாட்டி இந்த இடத்தில் கொஞ்சம் மனுஷத்தனமாகப் பேசுகிறது. சீக்கிய மதம் உள்பட உலகின் பெரிய மதங்கள் கை கழுவுவதைப்பற்றி என்ன நினைக்கின்றன என்று அதில் தனியாக ஆராய்ந்திருக்கிறார்கள். மோதிரம் வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறது. மதமோ மரபோ பலமாகத் தடுத்தால், சாதாரண வார்டு வேலையில் எளிய கல்யாண மோதிரம் இருக்கலாம். ஆபரேஷன் தியேட்டரில் எதுவும் கூடாது என்கிறது. மோதிரத்தைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்ளலாமே என்று யோசனையும் சொல்கிறது. மோதிரத்தால் நோய் பரவுவது கூடுகிறதா என்பதற்கு இன்னும் ஆய்வு வேண்டும் என்றும் ஒப்புக்கொள்கிறது.

பி.காம். மூளைக்கு எட்டியது

நான் பி.காம். கிருமிக்கும் எனக்கும் உள்ள பழக்கம் கையேந்தி பவன் சட்னியோடு சரி. ஆனால் கணக்கியலில் ஒரு தத்துவம் சொல்லிக்கொடுத்தார்கள்: 'சப்ஸ்டன்ஸ் ஓவர் ஃபார்ம்'. காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட நிஜத்தில் என்ன நடக்கிறது என்று பார் என்று அர்த்தம்.

ஹயர் பர்ச்சேஸில் வேன் வாங்குகிறது ஒரு கம்பெனி. கடைசித் தவணை கட்டும்வரை சட்டப்படி வேன் அந்தக் கம்பெனிக்குச் சொந்தமில்லை. ஆனால் அதை ஓட்டிச் சம்பாதிப்பதும், டயர் தேய்ந்தால் மாற்றுவதும் கம்பெனிதான். அதனால் கணக்குப் புத்தகத்தில் அந்த வேனைக் கம்பெனியின் சொத்தாகவே காட்டுவோம்.

இதே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி ரூலைப் பாருங்கள். காகிதத்தில் இருப்பது 'முழங்கைக்குக் கீழே ஒன்றும் கூடாது'. அதன் நிஜ நோக்கம் 'கையும் மணிக்கட்டும் சுத்தமாகக் கழுவப்பட வேண்டும், நோயாளிமேல் எதுவும் உரசக் கூடாது'. நோக்கம் நிறைவேறுகிறது என்றால் காப்பு எங்கே இருக்கிறது என்பதைப்பற்றி யாருக்கு என்ன கவலை?

2010-ல் இங்கிலாந்து சுகாதாரத் துறை தன் வழிகாட்டியைத் திருத்தியபோது கிட்டத்தட்ட இதைத்தான் சொன்னது. மத காரணத்துக்காகக் கையை மூடுகிறவர்களும் வளையம் அணிகிறவர்களும், கை கழுவும்போதும் நோயாளியைத் தொடும்போதும் அதை மேலே தள்ளி, நழுவாமல் இருத்திக்கொண்டால் போதும். முழங்கையை மூட விரும்பும் முஸ்லிம் பெண்களுக்கு, ஒருமுறை போட்டுத் தூக்கி எறியும் கையுறை மாதிரி தனிச் சட்டைக் கை. 2020-ல் வந்த வழிகாட்டியிலும் இதே ஏற்பாடு தொடர்ந்தது.

திருச்சி நர்ஸ் சொன்ன சிங் டாக்டர் செய்வதும் அதுதான். வார்டுக்குள் நுழைந்ததும் காப்பை முழங்கைப் பக்கம் ஏற்றி, மேலே ஒரு பிளாஸ்திரி. "தினம் பிளாஸ்திரி பிய்க்கிறப்ப முடியும் கொஞ்சம் சேர்ந்து வரும்ணா. அதுக்கு ஒரு முகம் சுளிப்பார், அவ்வளவுதான்!" இரண்டு வரி திருத்தத்துக்கும் ஒரு பிளாஸ்திரிக்கும் மூன்று வருஷம் பிடித்திருக்கிறது.

ஒரே நாள், இரண்டு சிலுவை

எல்லாவற்றுக்கும் பிளாஸ்திரி ஒட்ட முடியுமா? முடியாது.

எக்ஸிடர் நகரத்தில் ஒரு கிறிஸ்தவ நர்ஸ். 1971 முதல் கழுத்துச் சங்கிலியில் சிலுவை அணிந்து வந்தவர். 2007-ல் ஆஸ்பத்திரியில் யூனிஃபார்ம் மாறியது. கழுத்து தெரிகிற வி-நெக். சிலுவை வெளியே தெரிந்தது, கழற்றச் சொன்னார்கள். நோயாளி பிடித்து இழுத்துவிடலாம், தொங்குவது திறந்த புண்ணில் படலாம் என்பது நிர்வாகத்தின் காரணம். அவர் மறுத்தார். வேறு வேலைக்கு மாற்றினார்கள். வழக்கு ஸ்ட்ராஸ்பர்கில் இருக்கும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனது.

அதே வழக்கோடு இன்னொரு சிலுவையும் வந்திருந்தது. விமானக் கம்பெனியில் செக்-இன் கவுன்ட்டரில் வேலை பார்த்த பெண்மணியுடையது. கம்பெனியின் இமேஜ் கெடும் என்பது அங்கே சொல்லப்பட்ட காரணம்.

2013 ஜனவரி 15-ல் தீர்ப்பு. விமானப் பெண்மணி ஜெயித்தார், நர்ஸ் தோற்றார். அதே மதம், அதே சிலுவை, அதே நீதிமன்றம், அதே நாள். என்ன வித்தியாசம்? தராசின் மறுதட்டில் ஒரு பக்கம் கம்பெனி இமேஜ், மறுபக்கம் நோயாளியின் பாதுகாப்பு. இமேஜ் லேசு, நோயாளி கனம். வார்டில் எது ஆபத்து என்பதை நீதிமன்றத்தைவிட ஆஸ்பத்திரி நிர்வாகிகள் நன்றாக அறிவார்கள் என்றும் நீதிபதிகள் சொன்னார்கள். அந்த ஆஸ்பத்திரியில் இரண்டு சீக்கிய நர்ஸ்களிடமும் வளையமும் கிர்பானும் கூடாது என்று சொல்லப்பட்டிருந்ததைத் தீர்ப்பு குறிப்பிடுகிறது. எல்லோருக்கும் ஒரே அளவுகோல் என்பதற்கு அது சாட்சியாக எடுத்துக்கொள்ளப்பட்டது.

சீக்கியர்களுக்கு இங்கிலாந்தில் வேறு சலுகைகள் கிடைத்திருக்கின்றன. தலைப்பாகையோடு மோட்டார் சைக்கிள் ஓட்டினால் ஹெல்மெட் வேண்டாம் என்று 1976-லேயே சட்டம் வந்தது. கட்டட வேலைக்கு 1989-ல் விலக்கு. 2015-ல் அது மற்ற பல வேலையிடங்களுக்கும் நீண்டது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பைக்கில் விழுந்தால் உடைவது ஓட்டியவர் தலை. ஆஸ்பத்திரியில் ரிஸ்க் படுக்கையில் கிடக்கிறவருக்கு. 'என் நம்பிக்கை, என் ரிஸ்க்' என்ற வாதம் வார்டு வாசலோடு நின்றுவிடுகிறது.

தாடியா, வார்டா?

இந்த வாதம் முழு பலத்தோடு வந்து மோதியது 2020-ல்.

கோவிட் வார்டில் இறுக்கமான மாஸ்க் கட்டாயம். முகத்தோலோடு மாஸ்க்கின் விளிம்பு காற்றுப் புகாமல் ஒட்ட வேண்டும். நடுவில் முடி இருந்தால் அதன் வழியே காற்று கசியும். ஒட்டுகிறதா என்று பார்க்க ஒரு டெஸ்ட் உண்டு. மாஸ்க் போட்டவர் தலைக்கு மேல் ஒரு கூடாரம் மாதிரி கவிழ்த்து, உள்ளே படுகசப்பான திரவத்தைப் பீய்ச்சுவார்கள். தலையைத் திருப்பு, குனி, பேசு என்பார்கள். வாயில் கசப்பு தெரிந்தால் ஃபெயில். தாடி இருந்தால் டெஸ்ட்டுக்கே உட்கார வேண்டாம் என்பதுதான் பல இடங்களில் ரூல். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு விதியும் மாஸ்க் விளிம்புக்கும் தோலுக்கும் நடுவே முடி கூடாது என்றே சொல்கிறது.

மாற்று வழி இல்லாமல் இல்லை. பேட்டரியில் ஓடும் காற்றுக் கவசம் உண்டு. தலையை முழுக்க மூடும். தாடி பிரச்னை இல்லை. ஆனால் விலை அதிகம், சத்தம் அதிகம், உள்ளே இருந்துகொண்டு ஸ்டெதஸ்கோப் வைப்பது பெரும்பாடு. சாதா மாஸ்க்குக்கே அடிதடி நடந்த நேரத்தில் அது எத்தனை பேருக்குக் கிடைத்திருக்கும்?

இங்கிலாந்தில் மாஸ்க் டெஸ்ட்டில் தேறாத சீக்கிய டாக்டர்கள் சிலரை வழக்கமான டூட்டியிலிருந்து மாற்றினார்கள். 'வேறு வார்டில் வேலை பார், சம்பளம் வரப்போகிறது, என்ன நஷ்டம்?' என்று நம்ம ஆபீஸ் புத்தி கேட்கும். அவர்களுக்கு நஷ்டம் இருந்தது. சீக்கியர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் ஒரு வரலாறு உண்டு. ஆனந்தபூர் போரில் பாய் கன்ஹையா என்பவர் காயம்பட்டுக் கிடந்த எதிரிச் சிப்பாய்களுக்கும் தண்ணீர் கொடுத்தார். குருவிடம் கோள் மூட்டினார்கள். எல்லா முகத்திலும் உங்களைத்தான் பார்க்கிறேன் என்றாராம் அவர். குரு அவர் கையில் மருந்தும் கட்டுத் துணியும் கொடுத்து, இதையும் சேர்த்துச் செய் என்று அனுப்பினாராம். அந்தப் பரம்பரையில் வந்த டாக்டருக்கு, ஆபத்தான வார்டைத் தவிர்ப்பது சலுகை இல்லை, அவமானம்.

கனடாவில் மான்ட்ரியல் நகர டாக்டர்கள் இருவர், அண்ணன் தம்பி. கோவிட் நோயாளிகளைப் பார்க்க மாட்டோம் என்று ஒதுங்கியிருக்கலாம். குடும்பத்தோடு பேசினார்கள், மதப் பெரியவர்களிடம் பேசினார்கள். கடைசியில் தாடியை மழித்துவிட்டு வார்டுக்குப் போனார்கள். அதில் ஒருவர் இதை வீடியோவில் உலகத்துக்குச் சொன்னார். தியாகம் என்று எல்லோரும் பாராட்டினார்கள். நானும் செய்திகளில் படித்து நெகிழ்ந்தேன். நெகிழ்ச்சி கொஞ்சம் வடிந்ததும் ஒரு கேள்வி உறுத்தியது. ஒரு மனிதன் நம்பிக்கையை விட்டுக்கொடுத்தால்தான் நோயாளியைத் தொட முடியும் என்ற நிலைமை ஏன் வந்தது? வேறு வழி இருக்கிறதா என்று யாராவது முழுசாகத் தேடிப் பார்த்தார்களா?

டாட்டா வைத்த முடிச்சு

தேடினார்கள். தேடியவர்கள் சீக்கிய டாக்டர்களே.

தாடியைப் படிய வைக்க சீக்கியர்கள் காலையில் தாடையைச் சுற்றி ஒரு துணி கட்டுவார்கள். அதற்குப் பெயர் நம்ம தாத்தாவும் இல்லை, பஸ் ஜன்னலில் கையசைத்துச் சொல்லும் டாட்டாவும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஓர் உச்சரிப்பு. தினம் கண்ணாடி முன்னால் கட்டி அவிழ்க்கிற அந்தத் துணியை மாஸ்க்குக்கு அடியில் கட்டினால் என்ன என்று யோசித்தார்கள். தாடி முழுதும் மூடி இறுக்கிக் கட்டி, மேலே மாஸ்க். விளிம்பு இப்போது முடிமேல் இல்லை, வழவழப்பான துணிமேல் உட்கார்ந்தது.

'எங்கள் மதம், எங்கள் உரிமை' என்று கொடி பிடிக்கவில்லை. கசப்பு டெஸ்ட் கூடாரத்துக்குள் போய் உட்கார்ந்தார்கள். முழுத் தாடி வைத்த 27 பேரில் 25 பேர் தேறினார்கள். கருவி வைத்துத் துகள்களை எண்ணும் கடினமான டெஸ்ட்டில் 5 பேர் உட்கார்ந்து 5 பேரும் தேறினார்கள். 2020-லேயே ஆஸ்பத்திரித் தொற்று பற்றிய மருத்துவ இதழ் ஒன்றில் 'சிங் டாட்டா முறை' என்று கட்டுரையும் வந்துவிட்டது. அதன்பிறகு பிசியோதெரபியில் பயன்படுத்தும் ரப்பர் பட்டையை வைத்தும் சோதித்துப் பார்த்தார்கள்.

27 பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். தேறாத 2 பேரை மறந்துவிடக் கூடாது. இந்த முறையில் கட்டுகிற ஒவ்வொருவரும் தனித்தனியாக டெஸ்ட் எழுதித்தான் ஆக வேண்டும். ஆனால் எனக்குப் பிடித்தது மார்க் இல்லை. அவர்கள் உட்கார்ந்த நாற்காலி. ரூலின் நோக்கத்தை ஒப்புக்கொண்டு, அதன் பரிட்சையையே எழுதி, இப்போது சொல், உனக்கு வேண்டியது சவரமா, சீலா என்று கேட்டார்கள் பாருங்கள், அதற்கு எந்த நிர்வாகியாலும் சுலபமாக முகத்தைத் திருப்பிக்கொள்ள முடியாது.

நம்ம ஊர் நிலவரம்

இந்தியாவில் கிர்பானுக்கு அரசியல் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. 25-ஆம் பிரிவின் விளக்கத்தில், கிர்பான் அணிவதும் எடுத்துச் செல்வதும் சீக்கிய மதத்தைக் கடைப்பிடிப்பதில் அடங்கும் என்று எழுதியிருக்கிறார்கள். இங்கிலாந்திலும் 1988-ஆம் வருடச் சட்டம், பொது இடத்தில் கத்தி வைத்திருப்பதைக் குற்றமாக்கியபோது, மத காரணத்துக்கு விலக்கு கொடுத்தது. ஆனாலும் சட்டம் விட்டது என்பதற்காக வார்டு விட வேண்டும் என்பதில்லை. மனநல வார்டில் கிர்பான் வைத்திருப்பதும், எக்ஸ்ரே கவுன்ட்டரில் வைத்திருப்பதும் ஒன்றாகுமா? சட்டைக்கு உள்ளே, உறைக்குள், சின்னதாக என்றால் ஒரு முடிவு. நோயாளி பிடுங்கக்கூடிய இடம் என்றால் வேறு முடிவு. இங்கேயும் இடத்தைப் பார்த்துத்தான் எடை போட முடியும்.

டாக்டர் ஆவதற்கு முன்பே இந்தத் தகராறு ஆரம்பித்துவிடுகிறது. நீட் தேர்வு என்றதும் 2017-ல் மாணவர்களின் முழுக்கைச் சட்டையைக் கத்தரித்த படங்கள் நமக்கு ஞாபகம் வரும். காப்பி அடிக்கிற கருவி எதையும் கொண்டுவரக் கூடாது என்று உலோகத்துக்குத் தடை. கடாவும் கிர்பானும் உலோகம்தானே? வழக்கு டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2018-ல் நீதிமன்றம் சொன்ன வழி ரொம்ப எளிமையானது. போட்டுக்கொண்டு வரலாம், ஆனால் ஒரு மணி நேரம் முன்னதாக வந்து சோதனைக்கு உட்பட வேண்டும். ரூலின் நோக்கம் காப்பியைத் தடுப்பது. அது தடுக்கப்பட்டது. மாணவர் நம்பிக்கையும் பிழைத்தது. செலவு? ஒரு மணி நேரத் தூக்கம்.

காப்புக்கு ஒரு பிளாஸ்திரி, தாடிக்கு ஒரு துணி, நீட்டுக்கு ஒரு மணி நேரம். மூன்றையும் கூட்டிப் பாருங்கள். பெரிய தொகை வராது. இந்த அற்பச் செலவைக் கண்டுபிடிப்பதற்கு முன்னால் எத்தனை சர்க்குலர், எத்தனை இடமாற்றம், எத்தனை கோர்ட் வாய்தா! அப்புறம், தேடியும் வழி கிடைக்காத இடம் ஒன்று வரும். ஆபரேஷன் தியேட்டர் அப்படி ஓர் இடம். அங்கே காப்பு கழன்றுதான் ஆக வேண்டும்; மயக்கத்தில் படுத்திருப்பவருக்கு வாதாட வாய் கிடையாது. அங்கே விட்டுக்கொடுக்கச் சொல்லும் உரிமை, மற்ற இடங்களில் ஒழுங்காக வழி தேடிய நிர்வாகத்துக்குத்தான் உண்டு என்பது என் கட்சி. மோதிரத்தை விட்டுவிட்டுக் காப்பைப் பிடித்தவருக்கு அந்த உரிமை கிடையாது.

இதில் ஆபீஸ் போகிற நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது. அடுத்த முறை நோட்டீஸ் போர்டில் புது ரூல் ஒட்டினால் 'முடியாது' என்று முறைக்காதீர்கள். 'சரி சார்' என்று தலையாட்டவும் வேண்டாம். 'இது எதுக்காக சார்?' என்று மட்டும் கேளுங்கள். அந்தக் 'எதுக்காக'வுக்கு நேர்மையான பதில் வந்தால், பாதி வழி பிறந்த மாதிரி.

கேட்பதற்கு முன் இன்க்ரிமென்ட் லெட்டர் கைக்கு வந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்ளவும்!